லிஃப்ட் தூக்கவில்லையா? பம்ப்பைக் கழற்றும் முன் ஃபில்டரைப் பாருங்கள்!

டிராக்டர் கியர் பாக்ஸ் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றி, மூடியை ஒழுகாமல் அடைக்கும் முறை

நாற்றங்காலில் நாற்று தயார். வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, சேற்றுழவுக்கு இறங்கிய டிராக்டர் கலப்பையைத் தூக்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாள் வயதிலும், மத்திய கால ரகங்களின் நாற்றை 25 முதல் 30 நாள் வயதிலும் பறித்து நட வேண்டும். வயது கடந்த நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். ஆக, டிராக்டர் ஒரு வாரம் பட்டறையில் நின்றால் நஷ்டம் மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை. வாடகை உழவை நம்பித் தவணை கட்டும் குடும்பத்துக்கு அந்தச் சில வாரங்கள்தான் வருமானக் காலம்.

லிஃப்ட் வேலை செய்யாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மிகச் சாதாரணமானதும், குறைந்த செலவில் சரிசெய்யக் கூடியதும் ஃபில்டர் அடைப்புதான். ஆனால், பல இடங்களில் ஃபில்டரைப் பார்க்காமலேயே ஹைட்ராலிக் பம்ப்பை மாற்றிவிடுகிறார்கள். அடைத்த ஃபில்டர் உள்ளேயே இருப்பதால் புது பம்ப்பும் சீக்கிரமே கெட்டுப்போகிறது.

ஃபில்டர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகிய விவசாயி தன் வீட்டுக் களத்திலேயே செய்யலாம். அதற்கு வேண்டியது பலம் அல்ல, சுத்தமும் பொறுமையும்தான். மூடி ஒழுகாமல் நிற்பது தடவுகிற பேஸ்ட்டால் அல்ல, சுத்தம் செய்த பரப்பால். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே ஆயில், பல வேலை

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள மாடல்களில் பிரேக் தட்டுகளும் அதே ஆயிலில்தான் சுற்றுகின்றன. மாடலைப் பொறுத்து 25 முதல் 60 லிட்டர் வரை இந்த ஆயில் பிடிக்கும்.

கியர் பற்கள் உரசும்போது மிக நுண்ணிய இரும்புத்தூள் உதிர்கிறது. பிரேக் தட்டு, கிளட்ச் தட்டுகளில் இருந்தும் தூள் வருகிறது. கியர் லிவர் ரப்பர் கிழிந்திருந்தால் புழுதியும் சேற்றுத் தண்ணீரும் உள்ளே இறங்கும். இந்த அழுக்கெல்லாம் கலந்த ஆயிலைத்தான் ஹைட்ராலிக் பம்ப் உறிஞ்சி, அழுத்தம் கொடுத்து லிஃப்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பம்ப்பின் உள்ளே இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அங்கே மணல் துகள் ஒன்று போனாலும் கீறல் விழும்.

அதைத் தடுக்கத்தான் இரண்டு காவல்கள் இருக்கின்றன. முதலாவது, பம்ப் உறிஞ்சும் வழியில் உள்ள கம்பிவலை ஜல்லடை. மெக்கானிக்குகள் இதை 'ஸ்ட்ரெய்னர்' என்பார்கள். இரண்டாவது, நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும் பேப்பர் ஃபில்டர். இது டப்பா போல வெளியே திருகியிருக்கும்; சில மாடல்களில் மூடிக்குள் செருகியிருக்கும். ஸ்ட்ரெய்னரை எடுக்க, சில மாடல்களில் அடிப்பகுதித் தகட்டையும் சிலவற்றில் பக்கவாட்டு மூடியையும் கழற்ற வேண்டும். கம்பிவலையைக் கழுவித் திரும்பப் போடலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அடைப்பு என்று எப்படி அறிவது?

காலையில் வண்டி எடுத்தவுடன் லிஃப்ட் மிக மெதுவாகத் தூக்கும். ஆயில் சூடேறியதும் ஓரளவு சரியாகும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால், அடைத்த ஜல்லடை வழியாக அதை பம்ப்பால் உறிஞ்ச முடிவதில்லை. ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது பம்ப் பக்கம் 'ஊய்ங்' என்ற சத்தம் எழும். கலப்பை ஒரே சீராக மேலே வராமல் திக்கித் திக்கி வரும். ஆயில் கேஜ் கம்பியை எடுத்துப் பார்த்தால் நுரை இருக்கலாம்.

இதற்கு மாறாக, காலையில் நன்றாகத் தூக்கி, வண்டி சூடான பிறகு பலம் குறைந்தால், பம்ப் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம். தூக்கி நிறுத்திய கலப்பை தானாகவே கீழே இறங்கினால் அது ஃபில்டர் கோளாறு அல்ல. சிலிண்டர் சீலையோ கன்ட்ரோல் வால்வையோ பார்க்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கி, இன்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பார்ப்பதே சரியான முறை. மட்டம் குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அப்போதும் மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாம் வரும்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஹவர் மீட்டர்தான் கணக்கு. புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டரைப் பார்க்கச் சொல்லும் மாடல்கள் பல. கியர் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் காலம் அது என்பதால் தூள் அதிகம் உதிரும். அதன் பிறகு 250 அல்லது 500 மணிக்கு ஒரு முறை ஃபில்டர், 1,000 மணி அளவில் ஆயில் என்று பல கையேடுகளில் இருக்கும். மாடலுக்கு மாடல் இது வேறுபடும். தன் வண்டியின் கையேட்டில் உள்ளதுதான் அந்த விவசாயிக்குக் கணக்கு.

கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் அதிகம் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கையும் முந்திக்கொள்ள வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் ஒரு முறை ஆயிலின் நிறத்தைப் பார்ப்பது அவசியம். டெல்டாவில் மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முன்பு, சித்திரை, வைகாசியில் வண்டி ஓய்வாக இருக்கும் நாட்களில் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை வீட்டில் கழற்றக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் செய்தால்தான் உத்தரவாதம் நிற்கும்.

எந்த ஆயில்?

ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு 'யு.டி.டி.ஓ.' எனப்படும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் வேண்டும். கியரைக் காப்பது, லிஃப்ட்டை இயக்குவது, பிரேக் தட்டுகள் கத்தாமல் பிடிக்க உதவுவது ஆகிய மூன்றையும் செய்யும்படி தயாரிக்கப்பட்ட ஆயில் இது. விலை குறைவாக இருக்கிறது என்று இதற்குப் பதில் சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கத்தும், வழுக்கும். குளிர்ந்த நேரத்தில் பம்ப்பும் திணறும். லாரி டிஃபரன்ஷியலுக்கான சில கியர் ஆயில்களில் உள்ள ரசாயனம் பித்தளை, வெண்கல பாகங்களையும் அரிக்கும்.

பழைய மாடல்கள் சிலவற்றில் கியருக்கு ஓர் ஆயில், ஹைட்ராலிக்குக்கு வேறு ஆயில் என்று இருக்கும். அங்கே கையேட்டில் சொன்னபடி 90 நம்பர் ஆயில் ஊற்றுவதுதான் சரி. பக்கத்து வயல்காரர் என்ன ஊற்றுகிறார் என்பதைவிட, கையேடும் ஆயில் கேன் மேல் உள்ள தர எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முக்கியம்.

ஃபில்டர் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். திருகு மரை பொருந்துகிறது என்பதற்காக இன்ஜின் ஆயில் ஃபில்டரை ஹைட்ராலிக் ஃபில்டர் இடத்தில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் பேப்பரின் நுண்மையும், அடைத்தால் திறக்கும் வால்வின் அழுத்தமும் வேறு வேறு. பழைய ஃபில்டரில் உள்ள பாக எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வாங்க வேண்டும்.

தயார் செய்ய வேண்டியவை

புது ஃபில்டர், மூடிக்கான புது பேக்கிங், ஓ ரிங், டிரெயின் பிளக் வாஷர், தேவையான அளவு ஆயில், அளவான ரிங் ஸ்பேனர்கள், ஃபில்டர் கழற்றும் பட்டை, ஆயில் பிடிக்க அகலமான தொட்டி, மூடியுள்ள சுத்தமான கேன்கள், புனல், மூங்கில் அல்லது பிளாஸ்டிக் சுரண்டி, கொஞ்சம் தின்னர், நூல் உதிராத பழைய வேட்டித் துணி. பட்டறைகளில் கை துடைக்கும் நூல் கழிவு இந்த வேலைக்கு ஆகாது. அதில் இருந்து பிரியும் நூல்கள் ஜல்லடையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

கழற்றுவது எப்படி?

முதல் நாளே வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி உலரவிட வேண்டும். மூடியைச் சுற்றிச் சேறு ஒட்டியிருந்தால், திறந்தவுடன் அது உள்ளேதான் விழும். கழுவும்போது கியர் லிவர் ரப்பர், காற்றுத் துளை, கேஜ் கம்பி வாய் ஆகியவற்றின் மேல் பம்ப் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது.

மறுநாள் வண்டியை 15 நிமிடம் ஓட்டி, லிஃப்ட்டைச் சில முறை ஏற்றி இறக்க வேண்டும். ஆயில் வெதுவெதுப்பானால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் கை வெந்துவிடும்.

பின்பு சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கலப்பையைக் கழற்றி, லிஃப்ட் கைகளை முழுவதுமாகக் கீழே இறக்கி, சாவியை எடுத்துவிட வேண்டும். டிராக்டருக்கு அடியில் வேலை செய்யப் போதுமான உயரம் உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டிய தேவை இல்லை. லிஃப்ட்டால் தூக்கி நிறுத்திய கருவிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் படுக்கக் கூடாது.

அடுத்து, ஆயில் ஊற்றும் வாயைச் சுத்தமாகத் துடைத்துத் தளர்த்த வேண்டும். பிறகு டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் தடையில்லாமல் இறங்கும். சில வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரெயின் பிளக் இருக்கும். எல்லாவற்றையும் திறந்தால்தான் முழு ஆயிலும் வரும். குறைந்தது அரை மணி நேரமாவது வடிய விட வேண்டும்.

மூடியின் போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றிக்கொண்டே போகாமல், எல்லாவற்றையும் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மீதமிருக்கும் ஆயில் ஒரு மூலையில் வடியும்படி செய்துவிட்டு, கடைசியில் மூடியை இறக்க வேண்டும். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் பரப்பில் பள்ளம் விழும். பிறகு அந்த இடத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும். போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கலாம். ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் இருந்த போல்ட்டோ அதை அந்த இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது.

ஆயில் சொல்லும் சேதி

வடித்த ஆயிலை உடனே ஓரம்கட்டிவிடாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வண்டியின் உள்பகுதி எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது. தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கிழிந்த கியர் லிவர் ரப்பர், சேறு அடைத்த காற்றுத் துளை, தேய்ந்த அச்சு சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கருகிய வாசனையோடு கறுத்திருந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

காந்தம் உள்ள டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு போல நுண்ணிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு. அரிசி நொய் அளவுக்கு இரும்புத் துண்டுகள் இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் வெண்கல புஷ் தேய்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும், மூடியைப் போட்டு ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இப்போது ஒரு பாகத்தோடு முடிகிற செலவு, தள்ளிப்போட்டால் முழு கியர் பாக்ஸுக்கும் வந்துவிடும்.

பழைய பேஸ்ட் துணுக்குகள் ஜல்லடையில் சிக்கியிருப்பதும் அடிக்கடி காணும் காட்சி. முன்பு மூடி போட்டவர் அள்ளித் தடவிய பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, ஆயிலோடு வந்து அடைத்திருக்கும்.

பரப்பைச் சுத்தம் செய்வது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. முதலில், திறந்த வாய்க்குள் எதுவும் விழாதபடி சுத்தமான துணியால் மூட வேண்டும். ஒரே பெரிய துணியாக இருக்கட்டும். சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்தால் ஒன்று உள்ளேயே மறந்துபோகும்.

பழைய பேக்கிங்கை மூங்கில் சுரண்டியால் பொறுமையாக எடுக்க வேண்டும். உளி, அரம், கிரைண்டர் எதுவும் வேண்டாம். எமெரித் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பம்ப்புக்கு எமன். கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் இரண்டு பரப்புகளையும் துடைக்க வேண்டும். டீசலில் துடைத்தால் எண்ணெய்ப் பூச்சு நின்றுவிடும், பேஸ்ட் ஒட்டாது. தின்னர் இருக்கும் இடத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

போல்ட் ஓட்டைகளுக்குள் தேங்கிய ஆயிலையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே ஆயில் இருந்தால் போல்ட் இறுகியது போலத் தோன்றும். ஆனால் மூடி அழுந்தியிருக்காது.

மூடி தகரத் தகடாக இருந்தால் அதை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முன்பு அதிகமாக முறுக்கியதில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். மரக்கட்டை மேல் கவிழ்த்து வைத்து, சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்திய பிறகே பொருத்த வேண்டும்.

கம்பிவலை ஸ்ட்ரெய்னரைச் சுத்தமான டீசலில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காற்றில் உலர்த்த வேண்டும். வலையில் ஓர் ஓட்டை இருந்தாலும் புதியதுதான் போட வேண்டும். அதன் ஓ ரிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இறுகிப்போன ஓ ரிங் வழியாக பம்ப் காற்றை உறிஞ்சினால், புது ஃபில்டர் போட்டும் சத்தமும் நுரையும் போகாது.

பேக்கிங்கா, பேஸ்ட்டா?

எந்த மூடிக்கு எது என்று கம்பெனி சொல்லியிருக்கிறதோ, அதைத்தான் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பலம் என்று நினைப்பது தவறு. கார்க் அல்லது ரப்பர் பேக்கிங் மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவினால், போல்ட் இறுக்கும்போது பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கும். அதை உலர்வாகவே பொருத்த வேண்டும்.

பேப்பர் பேக்கிங் கடையில் கிடைக்காவிட்டால் அதே தடிமன் உள்ள பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். ஷீட்டை மூடியின் மேல் வைத்து விளிம்பில் சுத்தியால் லேசாகத் தட்டினால் அச்சு விழும், அதன்படி வெட்டலாம். கியர் பாக்ஸ் வாய் மேல் வைத்துத் தட்டக் கூடாது. துணுக்குகள் உள்ளே விழும்.

சிலிக்கான் பேஸ்ட் மட்டுமே போடும் மூடி என்றால், 2 முதல் 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, எங்கும் அறுபடாமல் போட வேண்டும். போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாகக் கோடு செல்ல வேண்டும். பட்டாணி தடிமனுக்குப் போட்டால் பாதி உள்ளே பிதுங்கி, ஜல்லடைக்குத்தான் போகும். பேஸ்ட் போட்டதும் ஆடை கட்டுவதற்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள், மூடியை நேராக வைத்துப் பொருத்த வேண்டும். வைத்த பிறகு இழுத்து நகர்த்தக் கூடாது. வாயை மூடியிருந்த துணியை எடுத்தாயிற்றா என்று அதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் முடுக்கி, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். நீளமான ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். கையேட்டில் முறுக்கு அளவு இருந்தால் டார்க் ரெஞ்ச்சை வாடகைக்கு வாங்கியாவது அந்த அளவில் இறுக்குவது நல்லது. பேஸ்ட் முழுமையாக இறுக, பொதுவாக 24 மணி நேரம் ஆகும். டியூப் மேல் போட்டிருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று மாலையே உழவுக்குப் போகத் திட்டமிட்டு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

டிரெயின் பிளக்கில் செம்பு வாஷர் இருந்து, புதியது கிடைக்காவிட்டால், பழையதைச் செந்நிறமாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். டப்பா ஃபில்டரைப் பொருத்தும் முன், பழைய ரப்பர் வளையம் அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, அது தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும்.

ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது

ஆயிலை மெல்லிய வலை வைத்த சுத்தமான புனல் வழியாக ஊற்ற வேண்டும். கையேட்டில் உள்ள அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிச் சிறிது நேரம் கழித்துக் கேஜ் கம்பியைப் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கருவி எதுவும் மாட்டாமல் லிஃப்ட்டைப் பத்து முறை மெதுவாக ஏற்றி இறக்கினால் உள்ளே உள்ள காற்று வெளியேறும். முதலில் கொஞ்சம் சத்தம் வருவது இயல்பு. சில நிமிடங்களில் நிற்காவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு ஆயில் மட்டத்தையும் ஓ ரிங்கையும் பார்க்க வேண்டும்.

வண்டியை அணைத்து மறுபடி மட்டம் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும். ஃபில்டரும் குழாய்களும் நிரம்புவதால் கண்டிப்பாகக் குறைந்திருக்கும். அதிகமாக ஊற்றினாலும் கெடுதல்தான். நுரை கட்டும், சீல் வழியாகக் கசியும். கசிவைத் தேட, மூடிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். ஹைட்ராலிக் குழாயில் ஊசி போலப் பீய்ச்சும் ஆயிலைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் தொடக் கூடாதவை

ஃபில்டர், ஸ்ட்ரெய்னர், சிறிய மூடி. இவை வரைதான் வீட்டு வேலை. லிஃப்ட்டின் மேல்கூடு, கியர் பாக்ஸையும் பின்பகுதியையும் இணைக்கும் பெரிய போல்ட்டுகள், பம்ப், கன்ட்ரோல் வால்வு ஆகியவற்றை வீட்டில் தொடக் கூடாது. அந்தப் பெரிய போல்ட்டுகளைக் கழற்றினால் டிராக்டரே இரண்டாகப் பிரியும்.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. மாட்டுப் புண்ணிலும் தடவக் கூடாது. தீங்கு விளைவிக்கும் கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்கும். மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, அதை எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் மையத்திலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுப்பதுதான் முறை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆயிலை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றலாமா?

பதில்: ஆயிலின் கெடு முடியவில்லை, தண்ணீரும் கலக்கவில்லை, நிறமும் கறுக்கவில்லை என்றால் மாற்றலாம். வடித்ததைச் சுத்தமான, மூடியுள்ள கேன்களில் பிடித்துவைத்து, மெல்லிய வலை வழியாகத் திரும்ப ஊற்ற வேண்டும். திறந்த தொட்டியில் இரவு முழுவதும் விட்ட ஆயிலை ஊற்றக் கூடாது.

கேள்வி: ஆயில் பால் போல ஆகிவிட்டது. டீசல் ஊற்றி, வண்டியை ஓடவிட்டுக் கழுவலாமா?

பதில்: கூடாது. டீசலுக்கு வழவழப்பு போதாது. பேரிங்கும் பம்ப்பும் தேயும். மூலைகளில் தங்கும் டீசல் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, அதே தர ஆயிலை ஊற்றி ஓட்ட வேண்டும். மறுபடி வெளுத்தால் சீக்கிரமே இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: புது பேக்கிங் போட்டும் கசிகிறது. வெளியே பேஸ்ட் பூசினால் நிற்குமா?

பதில்: நிற்காது. ஆயில் பட்ட பரப்பில் பேஸ்ட் ஒட்டுவதில்லை. முதலில் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். அது சேற்றால் அடைத்திருந்தால், சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலை வெளியே தள்ளும். துளை சரியாக இருந்தால், மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்துவது ஒன்றே வழி.

கேள்வி: கிளட்ச் இல்லாமல் லிவரில் ஓடும் நெல் அறுவடை இயந்திரத்துக்கும் இதே முறையா?

பதில்: அவற்றில் உள்ளது 'ஹெச்.எஸ்.டி.' எனப்படும் ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன். சிறு தூசியையும் அது தாங்காது. வெளியில் உள்ள ஃபில்டரைக் கையேட்டில் உள்ள மணிக் கணக்குப்படி, கம்பெனி சொன்ன ஆயிலோடு மாற்றலாம். உள்பகுதியைத் திறக்கக் கூடாது.

கேள்வி: வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. அதிலும் ஃபில்டரை நாமே மாற்றலாமா?

பதில்: சிறிய கார்களில் பரவலாக உள்ள 'ஏ.எம்.டி.' வகையில் இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கழற்றி மாற்றும் ஆயில் தட்டும் ஃபில்டரும் அதில் இல்லை. 'டார்க் கன்வெர்ட்டர்' வகையில் அடியில் தட்டும் ஃபில்டரும் உண்டு. பேக்கிங் போடும் முறையும் இங்கே சொன்னதுதான். ஆனால், பல மாடல்களில் கேஜ் கம்பி இருக்காது. இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்த பிறகே மட்டம் பார்க்க வேண்டும். காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தவும் வேண்டும். அதனால் சர்வீஸ் மையத்தில் செய்வதே பாதுகாப்பு.

பராமரிப்பை முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் இருக்கிறது. பருவ நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், தமிழக வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி மூலம் வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

வேலை முடிந்ததும் ஃபில்டர் மாற்றிய தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும், ஊற்றிய ஆயிலின் பெயரோடு வண்டியின் கணக்கு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஃபில்டர் டப்பா மேலேயே பெயின்டால் மணிக் கணக்கை எழுதிவைப்பது இன்னும் நல்லது. அடுத்த முறை யார் வண்டியை ஓட்டினாலும், எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்க ஆள் தேட வேண்டியதில்லை.